வரவேற்பு வளைவில் என் கொட்டை வாழை

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது, நான் பாடம் எடுக்கும் கல்லூரியின் வாசலில் என் வாழைமரம் நின்றுகொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வரை அது வேதியியல் ஆய்வகத்தின் பின்புறம் மண்ணில் வேரூன்றி நின்ற மரம். இப்போது வரவேற்பு வளைவின் இடது தூணில் சணல் கயிற்றால் கட்டுண்டு, குலையும் பூவுமாகத் தலை சாய்ந்து நின்றது. இலைக்காம்பில் நான் மாட்டியிருந்த அலுமினியத் தகடு காற்றில் ஆடியது. ஆணியால் நான் கீறிய 'பி' என்ற எழுத்து அதில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே, சீரியல் பல்பு சுற்றிய தெர்மாகோல் எழுத்துகளில் 'வருக வருக'.

ஆண்டு விழா. எனக்கும் தெரியும். ஆனால் அந்த விழாவுக்கு நான் வாழைமரம் கொடுப்பதாகச் சொல்லவில்லை.

அலுவலக சூப்பிரண்டு சிதம்பரம் வாசலில் நின்று, கோலத்தை யாரும் மிதித்துவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"எது மேடம்?"

"இந்த வாழை."

"நல்லா இருக்குல்ல? சந்தையில குலையோட ஒரு மரம்கூட இல்லை மேடம். முகூர்த்த நாளுல்ல, எல்லாத்தையும் கல்யாண வீட்டுக்காரக அள்ளிட்டுப் போயிட்டாக. அப்பத்தான் நம்ம காம்பவுண்டுக்குள்ளயே ஒண்ணு நிக்கிறது ஞாபகம் வந்துச்சு."

"அது என் ஆராய்ச்சி மரம் சார்."

"தெரியும் மேடம்" என்றார், ஏதோ பாராட்டைப் பெற்றுக்கொள்கிறவர் மாதிரி. "அதான் உரிமையா எடுத்துக்கிட்டோம்."

மரம் போனால் போகட்டும், கிழங்கும் பக்கக்கன்றுகளும் மண்ணில் இருக்குமே என்று பின்பக்கம் ஓடினேன். அங்கே என் பாத்தி இருந்த இடத்தில் செம்மண் தளம் சமமாக, அழகாக இருந்தது. சிறப்பு விருந்தினரின் கார்கள் நிற்க இடம் வேண்டும் என்று ஜே.சி.பி. வைத்து நிரவியிருந்தார்கள். சுவரோரக் குப்பைக் குவியலில் கிழங்கு நாலைந்து துண்டாகக் கிடந்தது. பக்கக்கன்றுகள் டயர் ஏறி நசுங்கி, கருத்துப்போயிருந்தன.

அந்த வாரம்தான் அந்தக் கன்றுகளில் குருத்து எடுப்பதாக இருந்தேன்.

எதற்கு இந்த மரம்?

இந்தத் தொடரில் என் முனைவர் பட்டம் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசகர், "வாழைப்பழத்தில் டாக்டர் பட்டம் வாங்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. மாமியார் கேட்டார், வீட்டுக்காரர் கேட்டார், டவுன் பஸ் கண்டக்டர்கூட ஒரு முறை கேட்டார். எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் நான். கடைசியாக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவை இரண்டு காட்டு இனங்களின் வாரிசுகள். அந்த இரண்டு இனத்திலும் பழத்தைப் பிளந்தால் சதையைவிடக் கொட்டைதான் அதிகம். மிளகு மிளகாக, பல் உடைகிற கடினம். ஒன்றின் மரபுத் தொகுப்பை 'ஏ' என்றும் மற்றதை 'பி' என்றும் சொல்வார்கள். ரஸ்தாளியில் ஏ இரண்டு பங்கு, பி ஒரு பங்கு. மொந்தனில் ஏ ஒரு பங்கு, பி இரண்டு பங்கு. ஒரு பங்கு என்றால் பதினோரு குரோமோசோம். மூன்று பங்குக்கு முப்பத்து மூன்று.

தண்டின் கறையையும் இலைக்காம்பின் மடிப்பையும் பார்த்தே, இது எத்தனை பங்கு ஏ, எத்தனை பங்கு பி என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் என் நெறியாளருக்கு 'ஓரளவு' என்ற வார்த்தை ஆகாது. "குரோமோசோமைக் காட்டுங்க" என்பார்.

அதைக் காட்ட ஒரு வழி இருக்கிறது. டி.என்.ஏ. என்பது இரட்டை இழை. சூடாக்கினால் இரண்டும் பிரியும். ஆறவிட்டால், ஒவ்வொன்றும் தனக்குப் பொருத்தமான இழையைத் தேடி ஒட்டிக்கொள்ளும். ஏ மரத்தின் டி.என்.ஏ.வில் சிவப்பாக ஒளிரும் சாயத்தையும், பி மரத்தின் டி.என்.ஏ.வில் பச்சையாக ஒளிரும் சாயத்தையும் ஏற்ற வேண்டும். இரண்டையும் கலந்து, மூலம் தெரியாத ஒரு வாழையின் வேர்நுனிக் குரோமோசோம்கள் மேல் விட்டு, சூடாக்கி, ஆறவிட வேண்டும். ஏ வழி வந்த குரோமோசோம் சிவப்பாகும், பி வழி வந்தது பச்சையாகும். பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

கேட்க எவ்வளவு சுலபம்!

நடுவில் ஒரு சங்கடம். ஏ-யும் பி-யும் நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் பொதுவான பகுதிகள் ஏராளம். ஏ இழை கூச்சமே இல்லாமல் பி மேலும் போய் ஒட்டும். அப்படி அரைகுறையாக ஒட்டியதை விலக்க, சரியான சூட்டில் கழுவ வேண்டும். சூடு குறைந்தால் எல்லாம் ஒட்டியே கிடக்கும். கூடினால் எல்லாம் போய்விடும்.

இந்தக் கழுவுதலில்தான் என் வாழ்க்கையின் மூன்று வருடம் போயிற்று.

பெயரில்லாத பழம்

மூலம் தெரியாத அந்த வாழை, சிங்கம்புணரிக்கு அப்பால் அழகு மாமாவின் தோட்டத்தில் இருந்தது. அழகு மாமா என் அம்மாவின் தம்பி. நெல்லும் கடலையும் போடுகிறவர். பம்ப் செட் ஓரத்தில் எப்போதோ யாரோ கொண்டுவந்து வைத்த வாழை, நாலு வரிசையாகப் பெருகியிருந்தது.

காய் மொந்தனைப் போலப் பருத்திருக்கும். தோலில் கற்பூரவல்லிக்கு இருக்கிற மாதிரி சாம்பல் பூத்திருக்கும். பழுத்தால் முதலில் லேசாகப் புளித்து, அப்புறம் இனிக்கும். ருசியில் குறை சொல்ல முடியாது. குறை எல்லாம் சந்தையில்தான். மொந்தன் என்று இறக்கினால், "இது இனிக்குது, பஜ்ஜிக்கு ஆகாது" என்பார்கள். கற்பூரவல்லி என்று சொன்னால், "தோலு இம்புட்டுத் தடியா? யாரை ஏமாத்துறீக?" என்பார்கள். மாமாவின் தார்கள் எப்போதும் கடைசியில், ஓரத்தில், பேர் இல்லாமல் கிடக்கும்.

நான் கன்று கேட்டுப் போனபோது மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"எத்தனை கன்னு வேணும்னாலும் தோண்டிக்கத்தா. எனக்கு ஒரு பேரு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு. இதுதான்னு சொல்லி எறக்கணும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

"ஆறு மாசத்துல சொல்லிருவேன் மாமா" என்றேன். கல்யாணமாகிக் குழந்தையும் வேலையும் இருக்கிற ஒருத்தி பகுதிநேரமாக ஆராய்ச்சியில் இறங்கும்போது, என்னென்னவோ வாக்குக் கொடுத்துவிடுகிறாள்.

அதன் பிறகு மாதம் தவறாமல் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "பேரு கெடச்சுச்சா?"

"இன்னும் இல்லை மாமா."

"சரி" என்று வைத்துவிடுவார். அந்த 'சரி'யில் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது.

வெந்நீர்

மாமாவின் கன்றுகளைச் சிமெண்டுச் சாக்குகளில் மணல் நிரப்பி, கோட்டையூரில் எங்கள் வாடகை வீட்டின் மொட்டை மாடியில் வளர்த்தேன். காட்டு ஏ மரமும் அங்கேதான், ஒரு நீல டிரம்மில் இருந்தது. துணி காயப்போட இடமில்லை என்பது என் கணவரின் நிரந்தரப் புகார். பி மரம் பெரிதாக வளரும் என்பதால் கல்லூரி வளாகத்தில், அனுமதி வாங்கி, நட்டேன். அதை மலையடிவாரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த வனத்துறை நண்பர் மறு வருடமே வடக்கே மாற்றலாகிப் போய்விட்டார். இன்னொன்று கேட்க ஆள் இல்லை.

சாக்கைக் கிழித்தால் பால் வெள்ளையாக வேர்நுனி கிடைக்கும். அதைப் பதப்படுத்தி, நொதியில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்தால் தூசியைப் போலக் குரோமோசோம்கள். சாயம் ஏற்றிய டி.என்.ஏ.வை ஊற்றி, ஆறவிட்டு, கழுவி, தகடுகளை அலுமினியத் தாளில் சுற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்து, மதுரைக்கு பஸ் ஏறுவேன். ஒளிரும் சாயத்தைப் பார்க்கிற நுண்ணோக்கி அங்கே ஓர் ஆய்வகத்தில்தான் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் டப்பாவில் சாப்பாடு என்று நினைப்பார்கள். நான் அதைத் திறக்கவே இல்லை என்று ஒரு அம்மா வருத்தப்பட்டு எனக்கு முறுக்கு கொடுத்திருக்கிறார்.

இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் முப்பத்து மூன்றும் மஞ்சளாக இருக்கும். சிவப்பும் பச்சையும் எல்லாவற்றின் மேலும் ஒட்டினால் மஞ்சள்தானே வரும்?

நெறியாளர் படத்தைப் பார்ப்பார். "ரிப்பீட் பண்ணுங்க" என்பார்.

மறுபடி செய்தேன். ஒட்டாமல் தடுக்க, சாயம் ஏற்றாத டி.என்.ஏ.வைக் கூடுதலாகக் கலந்தேன். உப்பின் அளவை மாற்றினேன். புதுச் சாயம் வாங்கினேன். மஞ்சள். கழுவும் நேரத்தைக் கூட்டினேன். மஞ்சள். என் கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்க ஆரம்பித்தேன். வீட்டில் சாம்பார் வைத்தால்கூட, சரியாக வைத்தேனா என்று சந்தேகம் வந்தது.

ஒரு நாள், தகடுகளைக் கழுவும் வெந்நீர்த் தொட்டியான வாட்டர் பாத்தில் ஒரு தகட்டைத் தவறவிட்டு, அதை எடுக்க அவசரத்தில் கையை விட்டேன். சுட வேண்டிய தண்ணீர் சுடவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் இதமாக இருந்தது. டயலைப் பார்த்தேன், நான் வைத்த சூட்டைத்தான் காட்டியது. வேதியியல்துறையில் ஒரு தெர்மாமீட்டர் இரவல் வாங்கி வைத்தால், டயலுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை.

கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும் என்று நான் முன்பே அலுவலகத்தில் பல தடவை கேட்டிருந்தேன். "டயல்லயே தெரியுதே மேடம், அப்புறம் எதுக்கு?" என்று சிதம்பரம் சார் திருப்பி அனுப்பியிருந்தார்.

மூன்று வருடம். ஒரு தெர்மாமீட்டர். அன்றைக்கு நான் அழவில்லை. ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வாட்டர் பாத்தைக் கண்டபடி திட்டினேன். எனக்கே தெரியாத வார்த்தைகள் எல்லாம் வந்தன.

அதற்குள் பி மரத்தின் டி.என்.ஏ. தீர்ந்துபோயிருந்தது. மஞ்சள் படங்களுக்கே எல்லாம் செலவாகிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் முடியப்போகிறது. பக்கக்கன்றில் புதுக் குருத்து வந்ததும் எடுத்து, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று காத்திருந்தபோதுதான் ஆண்டு விழா வந்தது.

ஸ்டூல்

குப்பைக் குவியலிலிருந்து மறுபடி வாசலுக்கு வந்தேன். தூணில் சாய்ந்து நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

குலை தள்ளிய வாழை புதுக் குருத்து விடாது. முற்றிய இலையை அரைத்தால் பழுப்புப் பிசின்தான் மிஞ்சும். ஆனால் குலையின் நுனியில் பூ தொங்கியது. வாழைப்பூவின் உள்ளே, மடல் மடலாக உரித்துக்கொண்டே போனால் நடுவில் வெளுத்த மொட்டு ஒன்று வரும். சமைக்கிறபோது பச்சையாகவே வாயில் போட்டுக்கொள்வோமே, அது. அதைவிட இளசான திசு அந்த மரத்தில் வேறெங்கும் இல்லை. எனக்குத் தேவை டி.என்.ஏ. மட்டும்தான். மரம் நிற்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

வாட்ச்மேனின் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கேண்டீனிலிருந்து கத்தி வாங்கி வந்தேன்.

"மேடம், என்ன செய்யிறீக?" என்று சிதம்பரம் சார் பதறினார்.

"பூவை வெட்டப்போறேன்."

"அய்யய்யோ, பூவில்லாத மரம் வாசல்ல நிக்கிறதா? பாக்குறவுக என்ன நினைப்பாக?"

"என் மரம் சார்."

"உங்க மரந்தான் மேடம். சாயங்காலம் விழா முடியட்டும், மரத்தையே தூக்கிக்கிட்டுப் போங்க."

"சாயங்காலம் வரைக்கும் இந்த வெயில்ல நின்னா பூ வதங்கிரும்."

"பூ வேணும்னா நான் கடையில வாங்கித் தாரேன் மேடம்!"

என் பொறுமையின் கடைசி இழை அறுந்தது அந்த இடத்தில்தான். ஸ்டூலில் ஏறினேன். புடவை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு கையால் குலைக்காம்பைப் பிடித்து, மறு கையால் அறுக்கத் தொடங்கினேன். கேண்டீன் கத்தி வெங்காயம் அரிகிற கத்தி. நார் நாராக இழுத்தது. பால் வடிந்து முழங்கை வரை ஒட்டியது. வாழைக்கறை பட்டால் போகாது என்பது தெரியும். நல்ல புடவை வேறு.

பாதி அறுத்திருப்பேன். நாதஸ்வரமும் மேளமும் திடீரென்று முழங்கின. கார் வந்துவிட்டது.

"எறங்குங்க மேடம்! உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், எறங்குங்க!" சிதம்பரம் சார் கெஞ்சினார். மாலையோடு நின்ற முதல்வர் என்னைப் பார்க்காதது போலப் பார்த்தார்.

இறங்கியிருக்கலாம். ஆனால் கத்தி பாதியில் நின்றது. அப்படியே விட்டால் பூ நாரில் தொங்கும். நான் அறுப்பதை நிறுத்தவில்லை.

சிறப்பு விருந்தினர் மலேசியாவில் தொழில் செய்பவர், சொந்த ஊர் கானாடுகாத்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காரிலிருந்து இறங்கியவர், மாலையைக்கூட வாங்காமல் நேரே என் ஸ்டூலுக்குக் கீழே வந்து நின்றார்.

"ஸ்டூலு ஆடுதும்மா" என்றார். இரண்டு கைகளாலும் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டார். "இப்ப அறுங்க."

அறுத்தேன். பூ கையோடு வந்தது. இறங்கியதும் என்ன சொல்வதென்று தெரியாமல், "நன்றி ஐயா" என்றேன்.

"வாழைப்பூ கோலா உருண்டை பண்றதுக்கா?" என்று கேட்டார், மிகவும் உண்மையான அக்கறையோடு.

"இல்லை ஐயா. டி.என்.ஏ. எடுக்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தார். நான் பூவை அணைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். போகிற வழியில் விருந்தினருக்காகக் குளிர்பானம் வைத்திருந்த ஐஸ் பெட்டி கண்ணில் பட்டது. பாட்டில்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்துக்கு மேடையையே தூக்கியிருப்பேன்.

நாற்றம்

வாழைத் திசுவை அரைக்கும் கரைசலில் ஒரு ரசாயனம் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லாம் பழுப்பாகிப்போகும். அதன் வாசனை அழுகிய முட்டையும் எரிந்த ரப்பரும் சேர்ந்தது. சாதாரண நாட்களில் மாணவர்கள் போன பிறகுதான் அந்தப் பாட்டிலைத் திறப்பேன். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஆய்வகத்தில் இருந்தது. அது எந்தப் பக்கம் தள்ளும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை. விழாப் பந்தலின் பக்கம்.

சிதம்பரம் சார் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "மேடம், கேஸ் லீக்கா? முன் வரிசையில எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறாக!"

"லீக் இல்லை சார். ஆராய்ச்சி."

"கொஞ்சம் நிப்பாட்டுங்களேன்."

"நிப்பாட்ட முடியாது சார். வாசலுக்குப் போன மரம் திரும்பி வருமா?"

அவர் நின்றார். முதல் முறையாக ஏதோ புரிந்தது போல இருந்தது. "நெசமாவே அது முக்கியமான மரமா மேடம்?" என்றார் தணிந்த குரலில்.

 சோதனைக் குழாயின் உட்சுவரோரமாக ஆல்கஹாலை விட்டேன். இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாக, பஞ்சு நூலைப் போல, டி.என்.ஏ. சுருண்டு மேலே வந்தது. பழுப்பு இல்லை. பிசின் இல்லை. சிதம்பரம் சார் மூக்கைப் பொத்தியபடியே குனிந்து பார்த்தார்.

"இதான் அதா?"

"இதான்."

பந்தலிலிருந்து ஒலிபெருக்கியில் சிறப்பு விருந்தினரின் குரல் கேட்டது. "இந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி எவ்வளவு உயரத்தில் நடக்கிறது என்பதை வாசலிலேயே கண்ணாரக் கண்டேன்." பலத்த கைதட்டல். ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தராத நிர்வாகம் அந்தக் கைதட்டலை மேடையில் உட்கார்ந்து புன்னகையோடு ஏற்றுக்கொண்டது.

"எண்ணத் தெரியாதா?"

இந்தத் தடவை கண்ணாடித் தெர்மாமீட்டரைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டுக் கழுவினேன். என் சொந்தக் காசில் வாங்கியது. மறுபடி டிபன் டப்பா, மறுபடி மதுரை பஸ், மறுபடி இருட்டறை.

கறுப்புப் பின்னணியில் பச்சைப் பொட்டுகள். அவற்றுக்கு நடுவே, தனித்தனியாக, சிவப்பு.

மஞ்சள் இல்லை.

சந்தோஷத்தில் குதித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். நான் எண்ணத் தொடங்கினேன். மொந்தன் வகை என்றால் சிவப்பு பதினொன்று வர வேண்டும். ஒன்பதுதான் வந்தது. இன்னொரு செல்லைப் பார்த்தேன். ஒன்பது. மற்றொன்று. ஒன்பது. பச்சை இருபத்து நான்கு. மொத்தம் முப்பத்து மூன்று சரியாக இருந்தது, பங்குதான் சரியில்லை. இவ்வளவு பாடுபட்ட பிறகு, கணக்குக்குள் அடங்குகிற ஒரு விடையைத் தந்தால் இந்த வாழைக்கு என்ன குறைந்துபோய்விடும் என்று எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

நெறியாளர் படத்தைப் பார்த்தார். "பதினொண்ணு வரணும். எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"நீங்களே எண்ணிப் பாருங்க சார்" என்றேன். அவரிடம் அந்தக் குரலில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு சிவப்பாகத் தொட்டு எண்ணினார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி எண்ணினார். "வேற செல் இருக்கா?" பத்துப் படங்களையும் மேஜையில் பரப்பினேன். அவர் ஒன்றையும் விடவில்லை. டீ வந்து ஆறிப்போய் ஆடை கட்டியது. நான் சுவர்க் காலண்டரில் தேய்ந்துபோன முருகனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் படத்தையும் கீழே வைத்தார்.

"ஒரு தடவை கலந்ததோட நிக்கலை" என்றார், என்னிடம் இல்லை, படத்திடம். "கலந்தது திரும்பவும் பி-யோட கலந்திருக்கு. ஏ-யில ரெண்டு உதிர்ந்து, அந்த இடத்துல பி வந்திருக்கு."

"ஆமா சார்."

"எழுதுங்க."

அத்தனை வருடத்தில், படத்தைப் பார்த்துவிட்டு 'ரிப்பீட் பண்ணுங்க' என்று முடிக்காமல் அவர் சொன்ன ஒரே சொல் அது. 

ஆத்தா யாரு?

சிங்கம்புணரிக்கு நேரிலேயே போனேன். மாமா பம்ப் செட் தொட்டியில் கால் அலம்பிக்கொண்டிருந்தார். அத்தை கடலையைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: சிவப்பு, பச்சை, ஒன்பது, இருபத்து நான்கு. மாமா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆக, இது மொந்தன் இல்லை."

"இல்லை மாமா. கிட்டத்துச் சொந்தம்."

"கற்பூரவல்லியும் இல்லை."

"இல்லை."

"சரி. ரெண்டு காட்டு வாழை சொன்னியே. இதுல ஆத்தா யாரு, அப்பன் யாரு?"

"அது இந்தச் சோதனையில தெரியாது மாமா. அதுக்கு வேற சோதனை பண்ணணும்."

அத்தை கடலையைத் துழாவுவதை நிறுத்தினார். "இம்புட்டு வருசம் படிச்சு, ஆத்தா யாருன்னு தெரியலைங்குறியா?"

"தெரியலை அத்தை."

"பேரு?" என்றார் மாமா.

"பேரு வைக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்கு மாமா. விண்ணப்பம் போடணும், அவுக வந்து பாக்கணும்..."

"யாரு வந்து? என் தோட்டத்து வாழைக்கு நான் பேரு வைக்க எவன் வந்து பாக்கணும்?" மாமா தொட்டியிலிருந்து காலை வெளியே எடுத்தார். "ஆறு மாசம்னு சொல்லிட்டுப் போன. அந்தா இந்தான்னு அஞ்சாறு வருசம். மாசாமாசம் போனப் போட்டு, இல்லை இல்லைன்னு கேட்டு, சந்தையில பதில் சொல்ல முடியாம, ஒரே ரோதனை." நிறுத்தினார். வாழை வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "அதான் பேரு. ரோதனை."

"மாமா..."

"ரோதனை வாழை. நல்லாத்தான இருக்கு?" என்று அத்தையைக் கேட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம். வரவில்லை. அந்த வாழையோடு நான் பட்ட பாட்டை இதைவிடச் சுருக்கமாக என் ஆய்வேட்டிலும் நான் எழுதியிருக்க முடியாது.

சந்தை

பட்டம் வாங்கிக் கொஞ்ச காலம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காரைக்குடிச் சந்தைக்குப் போயிருந்தேன். பழக்கடை வரிசையில் ஒரு தார் தனியாகக் கயிற்றில் தொங்கியது. பருத்த காய், சாம்பல் பூத்த தோல். பக்கத்தில் ஒரு சிலேட்டில் சாக்பீஸால் 'ரோதனைப் பழம்' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் நாலைந்து பேர்.

"என்னம்மா இது, பேரே ஒரு தினுசா இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

கடைக்கார அம்மாள் சீப்பை அறுத்தபடியே சொன்னார்: "அது பெரிய பழம்ணே. பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் பொறந்தது. ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காக."

 கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"பூவனும் இல்லை, ரஸ்தாளியும் இல்லைம்மா. இது ரெண்டு காட்டு வாழையில இருந்து வந்தது. ஒரு பக்கம் ஒன்பது, இன்னொரு பக்கம் இருபத்து நாலு..."

"எது இருபத்து நாலு? சீப்பா? ஒரு தாருல அம்புட்டுக் கிடையாதுக்கா."

"சீப்பு இல்லை, குரோமோசோம். அது சரி, யாரு கண்டுபிடிச்சதுன்னு சொன்னாக?"

"மதுரையில யாரோ ஒரு சாராம்."

"சார் இல்லைம்மா. அது வந்து..."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்குறதுன்னா வாங்குங்கக்கா. இல்லாட்டிக் கொஞ்சம் அங்குட்டு நகருங்க. ஆளு நிக்கிறாகள்ல."

ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.